ஆபரேஷனுக்கு முன்னால் தின்ற தீனி

கணையத்துல கட்டின்னு சொன்னதும், மறுநாளே அறுத்து எடுத்துருவாகன்னுதான் நெனைச்சேன். மதுரை டாக்டரம்மா அப்படிச் சொல்லலை. கட்டி பெரிய ரத்தக் குழாயை ஒட்டிக்கிட்டு இருக்கு, இப்பக் கத்தி வைக்க முடியாது, சில மாசம் மருந்து ஏத்துவோம், சுருங்கி விலகுச்சுன்னா ஆபரேஷன், விலகலைன்னா இல்லைன்னாக. அதுவரைக்கும் ஒடம்பு எடை எறங்கக் கூடாது, வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்பிடுங்கன்னு அனுப்பிட்டாக.

எங்க பக்கம் ஒருத்தனை ஆஸ்பத்திரியில அறுக்காம அனுப்பி, நல்லாச் சாப்பிடச் சொன்னா, கதை முடிஞ்சதுன்னு வச்சுக்கிருவாக. ஆசைப்பட்டதைத் திங்கக் குடுத்து வழியனுப்பச் சொல்றாகன்னு எடுத்துக்கிருவாக. எஞ் சம்சாரம் நரிக்குடியில இருக்கிற எங்கக்காளுக்குப் போனைப் போட்டு, டாக்டரம்மா சொன்னதை ஒண்ணு விடாமச் சரியாத்தான் சொன்னா. அக்கா அதை அழுதுக்கிட்டே சொந்தபந்தம் பூராவுக்கும் சொன்னா. நாங்க பரளச்சியில பஸ்ஸை விட்டு எறங்குறதுக்குள்ள, டாக்டரம்மா கைவிரிச்சுட்டாகங்கிற சேதி ஊருக்குள்ள வந்து சேர்ந்துருச்சு.

அப்புறம் ஆரம்பிச்சது வரத்து. ஒருத்தரும் வெறுங்கையோட வரலை. அக்கா நாட்டுக்கோழியைக் கொழம்பு வச்சுத் தூக்குவாளியில எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வருவா. வீரசோழன்ல மிளகா வியாபாரம் பண்ற பாய் ஒருத்தர் எனக்கு ரொம்ப நாள் பழக்கம், மாப்ளன்னுதான் கூப்புடுவாரு. அவரு வீட்டுல இருந்து நெய்ச்சோறும் கறியும் வரும். குடுத்துட்டு எதுத்தாப்புல உக்காந்து நான் திங்கிறதையே பாப்பாக. நான் வாயைத் தொடைச்சதும் அவுக கண்ணைத் தொடைப்பாக. எனக்கு வர்ற கோவத்துக்கு அளவே இருக்காது. நான் இன்னும் சாகலை, கொழம்புல உப்புத்தான் பத்தலைன்னு ஒருக்கா கத்தியே விட்டேன். அதுக்கும் அழுதாக.

எஞ் சம்சாரம் வெளக்கி வெளக்கி ஓஞ்சு போனா. மொதல்ல மருந்து, பொறகுதான் ஆபரேஷன், இதுதான் வைத்தியம்னு சொல்லிப் பாத்தா. பாவம், மனசைத் தேத்திக்கிறாள்னு அவளுக்கும் சேத்து அழுதாக. நல்ல கூத்து போங்க. கடைசியில நாங்க வெளக்குறதையே விட்டுட்டோம். அழுகை வந்தா வரட்டும், கோழியும் கூடவே வருதுல்லன்னு நான் சொல்ல, அவ சிரிச்சா. கட்டின்னு தெரிஞ்ச பெறகு அவ மொதமொதச் சிரிச்சது அன்னைக்குத்தான்.

மருந்து ஏத்திட்டு வந்த நாள்கள் லேசுப்பட்டது இல்லை. நாக்குல இரும்பு ருசி. குளுந்தது எதைத் தொட்டாலும் வெரல்ல கரண்ட் அடிக்கும். சித்திரை வெயில்ல ஊரே பானைத் தண்ணியைத் தேடுறப்ப நான் வெந்நி குடிச்சுக்கிட்டு இருந்தேன். கறி செமிக்க ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் மாத்திரை போடணும். சோத்தைப் பாத்தாலே கொமட்டும். ஆனா தூக்குவாளியோட ஒருத்தர் நிக்கும்போது வேண்டாம்னு சொல்ல முடியுமா? அழுகைக்குப் பயந்தே ரெண்டு வாய் தின்னேன். உள்ளுக்குள்ள எனக்கும் பயம்தான். கட்டி வெலகலைன்னா இவுக அழுகிறது சரிதானே.

ஸ்கேன் எடுத்துப் பாக்கப் போன அன்னைக்கு அக்காளும் கூட வந்தா. எடை எறங்கலைன்னு பாத்து டாக்டரம்மாவே அசந்து போனாக. அப்படி என்ன சாப்பாடு போட்டீகன்னு கேட்டாக. அப்புறம் படத்தைக் காமிச்சு, கட்டி சுருங்கி ரத்தக் குழாயை விட்டு வெலகிருச்சு, அடுத்த மாசம் ஆபரேஷனை வச்சுக்கிருவோம்னாக. வயித்தைக் கிழிக்கப் போறேன்னு சொன்னவுகளைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரிச்ச குடும்பம் நாங்களாத்தான் இருப்போம்.  அக்கா மட்டும் வர்ற வழி பூரா பஸ் ஜன்னலைப் பாத்துக்கிட்டே வந்தா.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும், பசிக்குது, ஆளுக்கு ரெண்டு புரோட்டா பிச்சுப் போட்டுச் சால்னா ஊத்தித் திம்போம்னேன். அத்தனை மாசமா நான் என்ன கேட்டாலும் மறுபேச்சுப் பேசாத அக்கா, நட்டநடு பஸ் ஸ்டாண்டுல நின்னு என்னை மொறைச்சா.

"ஏலே, ஆபரேஷனை வச்சுக்கிட்டுக் கண்ட கடையில திங்கப் போறியா? கூறு இருக்கா ஒனக்கு? பேசாம வீட்டுக்கு வா, கஞ்சி காச்சித் தாரேன்."

சாகப் போறவனை யாரும் இப்படி வைய மாட்டாக. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணாப் பொத்துக்கிட்டு வந்துச்சு. சரிக்கான்னு சொல்லிட்டு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு பரளச்சி பஸ்ஸைப் பாத்து நடந்தேன்.