மயிலாடியில் பதினைந்து நாள் கோலாட்டம்

நான்கு மாதம் வாந்திபேதி வார்டில் ராப்பகலாக நின்ற நர்ஸ் ஓய்வுக்கு எங்கே போவாள்? குற்றாலம் போவாள். நான் கோலாட்டம் கற்றுக்கொள்ளப் போனேன். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாஞ்சில் நாட்டு மயிலாடியில், சித்திரை விடுமுறையில், எட்டு வயது முதல் அறுபது வயது வரை எல்லாப் பெண்களுக்கும் பாட்டு, ஓலைப் பெட்டி முடைதல், கும்மி, கோலாட்டம். பதினைந்து நாள். தங்க இடம் பள்ளிக்கூடத்திலேயே. அரிசி மட்டும் கொண்டுவர வேண்டும். அடுத்த கோடையில் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் காலை ஆறு மணிக்குப் பஸ். நாகர்கோவில் சுமார் ஐம்பது மைல், கட்டணம் ஒன்றேகால் ரூபாய். நாங்குநேரி தாண்டியதும் எஞ்சின் கொதித்துவிட்டது. டிரைவர் குளத்தில் தண்ணீர் மொண்டு வரும்வரை வெயிலில் நின்றோம். ஆரல்வாய்மொழிக் காற்று முகத்தில் புழுதியை அள்ளிக் கொட்டியது. அங்கேதான் திருவிதாங்கூர் எல்லைச் சாவடி. புகையிலை இருக்கிறதா என்று சேவகர் என் டிரங்குப் பெட்டியைக் கிளறி, இரண்டு கோல்களை வெளியே எடுத்து, யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் பெட்டியை மூடினார். ரூபாயைச் சாவடிப் பக்கத்திலேயே திருவிதாங்கூர்ச் சக்கரக் காசாக மாற்றிக்கொள்வது நல்லது. உள்ளே வண்டிக்காரர்கள் நம் ஊர்ச் சில்லறையை வாங்க யோசிக்கிறார்கள்.

நாகர்கோவிலிலிருந்து மயிலாடிக்கு ஏழு மைல், மாட்டு வண்டிக்குப் பத்துச் சக்கரம். மயிலாடிக்கு ஆள் வந்தால் சாமி சிலைக்கு வரும், இல்லையென்றால் அம்மிக்கு வரும், நீங்கள் எதற்கு என்று வண்டிக்காரர் கேட்டார். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஊர் முழுக்கக் கல் தச்சர்கள். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை உளிச் சத்தம் ஓயாது. நம் கோல் தட்டும் தாளம் ஒன்று, அவர்கள் தட்டும் தாளம் ஒன்று. முதல் மூன்று நாள் எல்லோரும் உளிக்குத்தான் ஆடினோம். கற்றுக்கொடுத்த கமலம் டீச்சருக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். ஒல்லியான பெண், தொண்டை மட்டும் பெரிது. என் முழங்காலைப் பற்றி அவளிடம் இரண்டு தடவை புகார் சொன்னேன். இரண்டு தடவையும் இன்னொரு சுற்று ஆடச் சொன்னாள்.

என் பாய்க்குப் பக்கத்துப் பாய் தங்கம் என்பவளுடையது. அஞ்சுகிராமத்துப் பக்கத்து விவசாயக் குடும்பம், ஆறு பிள்ளைகள். உண்மையில் அவள் ஆட வந்தவளே அல்ல. ஒன்பது வயது மகள் கோலாட்டம் வேண்டுமென்று அடம்பிடித்ததால் துணைக்கு வந்தாள். மகளுக்கு மூன்றாம் நாளே சலித்துவிட்டது. பார்க்க வந்த மாமாவோடு ஊருக்குப் போய்விட்டாள். துணைக்கு வந்தவள் தங்கிவிட்டாள். கடைசி நாள் ஆட்டம் முடிந்த பிறகுதான் வருவேன் என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினாள். கல்யாணமான பிறகு அவள் வீட்டில் கேட்டு வாங்கியது அந்த ஒன்றுதானாம்.

கடைசி நாளுக்கென்று வைத்திருந்தது பின்னல் கோலாட்டம். பழைய சேலைகளைக் கிழித்து நாங்களே முறுக்கிய எட்டுக் கயிறுகளை வேப்பமரக் கிளையில் கட்டியிருந்தோம். ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்திக்குள் ஒருத்தி புகுந்து ஆடினால் மேலே பின்னல் இறங்கும். அதே வழியில் திரும்பி ஆடினால் பிரியும். எட்டுப் பேரும் இருந்தால்தான் பின்னலாம், எட்டுப் பேரும் இருந்தால்தான் பிரிக்கலாம்.

முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகையில் பின்னல் பாதி இறங்கியிருந்தபோது தங்கத்தின் புருஷன் வந்து நின்றார். உழவுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், கஞ்சி காய்ச்ச ஆளில்லை, இப்போதே கூட்டிப்போக வேண்டும் என்றார். தங்கத்தின் முகம் செத்துவிட்டது. ஆனால் யார் என்ன சொல்ல முடியும்?

"அண்ணாச்சி, பின்னலைப் பிரிச்சாத்தான் அவியள விட முடியும். நடுவுல ஒருத்தி கைய விட்டா கயித்த அறுக்கணும்" என்றாள் கமலம்.

அவர் தலையாட்டிவிட்டு மர நிழலில் குந்தினார். நாங்கள் பிரித்தோம். கடைசிச் சுற்று முடிந்து கயிறுகள் தனித்தனியாகத் தொங்கின. கமலம் பாட்டை நிறுத்தவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. நாங்களும் நிற்கவில்லை, பின்னல் மறுபடி இறங்கியது. அதையும் பிரித்தோம், மறுபடியும் பின்னினோம். என் முழங்கால் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது.

அவர் எழுந்து வந்தார்.

"டீச்சரம்மா, நானும் வைக்கப்பிரி முறுக்குறவன்தான். ரெண்டு தடவ பிரிஞ்சாச்சு. இது மூணாவது பின்னலாக்கும்."

பாட்டு நின்றது. அவர் குரலில் கோபம் இல்லை. விடிந்தது முதல் ஏர் பிடித்துவிட்டு நேரே வண்டி ஓட்டி வந்த மனிதர், எங்களைப்போலவே ஓய்ந்துபோயிருந்தார். மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, எப்பத்தான் முடியும்?"

"நாளைக்கு" என்றாள் தங்கம், கயிற்றைப் பார்த்துக்கொண்டே.

"ஆளுவளுக்குக் கஞ்சி?"

"பானையும் அடுப்பும் அங்கதான கெடக்கு."

எட்டுக் கயிறும் அசையாமல் நின்றன. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். நாளை உச்சைக்கு வண்டி வரும் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வண்டிச் சத்தம் மறைந்ததும் தங்கம் இனி சந்தோஷமாக ஆடுவாள் என்று நினைத்தேன். அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மண்ணில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கமலம் எழுப்பப் போனாள். நான் வார்டில் பேசுகிற குரலில் வேண்டாம் என்றேன். பின்னல் பாதியில் இருந்தது, கயிற்றை விட முடியாது. ஒவ்வொருத்தியாகக் கயிறும் கையுமாக அவளைச் சுற்றி உட்கார்ந்தோம். உளிச் சத்தம் அடங்கியது, கொசு வந்தது. யாரும் அவளை எழுப்பவில்லை. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

மறுநாள் ஆட்டத்தில் தங்கம் ஒரே ஒரு இடத்தில் தப்பாகத் திரும்பினாள். உச்சிவேளைக்குச் சரியாக வண்டி வந்தது. ஓட்டி வந்த அவள் புருஷனின் வலது கையில் கஞ்சி கொட்டிய கொப்புளம். நான்தான் மருந்து வைத்துக் கட்டினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. அரிசியோடு ஒரு கொசுவலையும் முழங்காலுக்குத் தைலமும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சேலை ஒன்று கட்டாயம் வேண்டும். திரும்பி வரும் நாளை வீட்டில் ஒரு நாள் தள்ளியே சொல்லிவையுங்கள். கோலாட்டம் பதினைந்து நாளில் வந்துவிடும். தூங்குவதற்கு ஒரு நாள் தனியாக வேண்டும்.