ஸ்டோர் சார் வீட்டு மின்விசிறி

தெருவே அவரை ஸ்டோர் சார் என்றுதான் கூப்பிடும். முப்பத்தொரு வருஷம் ஒரு மில்லின் சாமான் கிடங்கைக் கட்டி ஆண்டவர். ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. ஒரு திருகாணியைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள் பார்ப்போம், உயிரே போய்விடும் மனுஷனுக்கு! எல்லாம் டப்பாவில், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு.

ஞாயிற்றுக்கிழமை மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். போன தடவை வந்தவள் ஒரு மணி நேரம்கூட உட்காரவில்லை. "புழுக்கம் தாங்கலப்பா" என்று செய்தித்தாளால் விசிறிக்கொண்டே கிளம்பிவிட்டாள். மனைவி போய் இரண்டு வருஷமாகிறது. இந்த முறையாவது மகள் ஒரு ராத்திரி தங்க மாட்டாளா என்று அவருக்கு ஏக்கம். யாரிடம் சொல்வது? கூடத்து மின்விசிறியைத்தான் முறைத்தார். ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் இறக்கைகளை எண்ணிவிடலாம், அப்படி ஒரு சோம்பல் அதற்கு.

சும்மா இருப்பாரா? ஏணி போட்டு ஏறி, இறக்கையில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். ரெகுலேட்டரை மாற்றினார். வேகம் கொடுக்கும் கண்டென்சரையும் மாற்றினார். ஊஹூம். கடைசியில் மூக்கால் அழுதுகொண்டே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

எலக்ட்ரீஷியன் ஸ்விட்சை அணைத்துவிட்டு, இறக்கையைக் கையால் தள்ளிப் பார்த்தான். தங்குதடையில்லாமல் சுற்றியது. "பேரிங் நல்லாருக்கு சார்." மேல்மூடியை இறக்கிக் கண்டென்சரைக் கையில் எடுத்தவன் சிரித்துவிட்டான். அதில் ஒட்டியிருந்த சீட்டில் அவருடைய முத்து முத்தான எழுத்து: 'நல்லது. புதிது.' கீழே பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி.

"பழசைக் கழட்டிட்டு அதைவிடப் பழசைப் போட்டிருக்கீங்களே சார்!"

"ஒரு நாள்கூட ஓடாததுப்பா அது. சீட்டு ஒட்டி வச்சது வச்சபடியே இருந்துச்சு."

"சும்மா கெடந்தாலும் இதுக்கு வலு போயிடும் சார்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் புதுசை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் சுவரில் காலண்டர் தாள்கள் படபடத்தன. ஸ்டோர் சாருக்கு வாயெல்லாம் பல்.

மகள் வந்தாள். குழந்தையைப் பாயில் கிடத்தியவள் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, கொஞ்சம் குறைங்க. பிள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றாள். ஒன்றில் வைத்தார். அது பழையபடி அசைந்து அசைந்து சுற்றியது. குழந்தை தூங்கி எழுந்ததும் மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இன்னைக்குமா? ஃபேன்தான் சரியாயிடுச்சே!" அவருக்கு வாய் தவறி வந்துவிட்டது.

மகள் அவரையே பார்த்தாள். "ஃபேனுக்காகவா போனேன்? ஏதோ சொல்லணுமேன்னு சொன்னேன்ப்பா. அம்மா இருந்தப்ப வாசல்லயே பையைப் பிடுங்கிக்குவாங்க. நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'இரு'ன்னு சொல்லிருக்கீங்களா?"

சொன்னதில்லை. கேட்டு, அவள் மாட்டேன் என்றுவிட்டால்? அந்தப் பயத்திலேயே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"இரும்மா" என்றார். சத்தமே வரவில்லை. அவளுக்குக் கேட்டிருக்காது என்று மறுபடி சொன்னார். "இரு. நாளைக்குப் போலாம். இரும்மா."

மகள் எப்போதோ பையைக் கீழே வைத்துவிட்டாள். அவர்தான் பார்க்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.