விளாங்குடிப் பிள்ளை

என் அப்பா ரயில் எஞ்சின் டிரைவர். ஆங்கிலோ இந்தியர், தெருவில் சட்டைக்காரர் என்பார்கள். அம்மா விளாங்குடியில் வயல் வைத்திருந்த குடும்பத்துப் பெண். கலியாணத்துக்குப் பிறகு இரண்டு வீட்டிலும் அவர்களைச் சேர்க்கவில்லை.

எழுபதுகளில், அப்பா இறந்த பிறகு, நான் நாடகத்துக்குப் போனேன். வெளுத்த தோல், பூனைக்கண். அதனால் எல்லா நாடகத்திலும் எனக்குத் துரைசாணி வேஷம்தான். தமிழைக் கடித்துக் குதறிப் பேச வேண்டும், ஜனம் சிரிக்கும். எனக்கோ அம்மாவின் தமிழைத் தவிர வேறு பாஷை சரியாக வராது.

ஒருமுறை திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் நடந்த நாடகத்துக்குக் கதாநாயகி வந்து சேரவில்லை. சம்சாரி, அதாவது விவசாயி வீட்டு மருமகள் வேஷம்.

"நான் போடுறேண்ணே. வசனமெல்லாம் மனப்பாடம்," என்றேன்.

"கண்ணு காட்டிக் குடுத்துருமே தாயி," என்று நாடக வாத்தியார் இழுத்தார். வேறு வழியில்லாமல் சம்மதித்தார்.

முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு மேடையேறினேன். அம்மா எப்படி அழுவாளோ அப்படியே அழுதேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் ஒரு பெண் மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்தாள்.

"எம்புட்டு அழ வச்சுட்ட! எந்த ஊருப் பிள்ளை நீ?"

"விளாங்குடி."

"அதான பார்த்தேன், நம்ம பக்கத்துப் பிள்ளை!"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டபடியே, "விளாங்குடி நம்மள என்னைக்குப் பிள்ளைன்னு சொல்லுச்சு? சாப்பிட்டுப் படு," என்றாள்.

அதன்பின் அந்த வேஷம் எனக்கு வரவேயில்லை. கேட்கவும் தெம்பில்லாமல் போயிற்று.