தோமையார் காலில் காய்ந்த பால்

நாங்கள் இப்போது குடியிருக்கும் மின்னி பே பகுதியில், நேற்று எங்கள் வாசலைக் கடந்த லாரியில் ரப்பர் ஷீட். சும்மா சொல்லக்கூடாது, செம நாற்றம், அதில் நாங்கள் முன்பு வாழ்ந்த கட்சால் தீவு அப்படியே எழுந்து வந்தது. அங்கே ரப்பர் தோட்டத்துச் சர்ச்சில் மரத்தாலான தோமையார் நிற்பார். பால்வெட்டித் திரும்பும் அப்பா, இந்து என்பதெல்லாம் பாராமல், பிசுபிசுத்த கையால் தினமும் அவர் காலைத் தொடுவார். காய்ந்து தோலாகும் அந்த ரப்பர் பாலை நான் உரித்து இழுத்து விளையாடுவேன்.

சுனாமி அப்பா, தோமையார் இருவரையும் கொண்டுபோனது. அப்பாவின் உடல் கிடைக்கவில்லை.

"சோடோ அக்கா, விட்டுரு, தாலியக் கழட்டிரு," என்றார் மாமா.

"ஏசு உயிரோட வந்தத, காயத்தத் தொட்டுப் பாத்துத்தான் தோமையாரே நம்புனாரு. நான் மட்டும் தொடாம நம்பணுமாடா?" என்றாள் அம்மா.

தாலி இன்னும் கழுத்தில்தான் கிடக்கிறது. நேற்று லாரி போனதும் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. வேல முடிஞ்சு வர்ற வாட."