டமால் அக்கா கேட்ட பதினோரு அடி

டமால் அக்காவுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வாக்காளர் பட்டியலில் தேடினால் கிடைக்கும். மற்றபடி ஸ்டூடியோ வாட்ச்மேனிலிருந்து மாடி வீட்டு வாண்டுகள்வரை எல்லோருக்கும் அவள் டமால் அக்காதான். பத்து வருடமாக அவள் பிழைப்பே அடி. அடி வாங்குகிற பிழைப்பு இல்லை, கொடுக்கிற பிழைப்பும் இல்லை. அடி விழுகிற சத்தத்தை உண்டாக்குகிற பிழைப்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் ஒரு கார்ட்டூன் வரும். ஒரு நாட்டுத் தளபதியின் தொப்பி காற்றில் பறந்து எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. அதைத் திருப்பிக் கேட்டு ஆரம்பித்த சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. கதை இவ்வளவுதான். தளபதிக்கு நெஞ்சு நிறைய மெடல். எழுந்து நின்றால் கனம் தாங்காமல் குப்புற விழுவார். ‘போதும்’ என்று எழுதிய கொடியோடு ஒல்லிப்பிச்சான் ஒருவன் வாரம் தவறாமல் கோட்டை வாசலில் வந்து நிற்பான். அவன் பெயரே கொடிக்காரன்தான். தொப்பைப் போலீஸ் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து அவன் மண்டையில் தடியால் ஒரு போடு போடுவார். டமால்! மண்டையில் பந்து மாதிரி வீக்கம் எழும்பும், அதைச் சுற்றி நட்சத்திரம் பறக்கும். கொடிக்காரன் தலையை ஒரு உலுப்பு உலுப்பிவிட்டு, “இன்னும் இருக்கேன்!” என்பான். அடுத்த காட்சியில் வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது. குண்டு விழுந்தாலும் முகம் கரியாகும், தலைமயிர் நட்டுக்கொள்ளும், அதோடு சரி. இந்தக் கார்ட்டூனில் யாரும் சாகக் கூடாது, ஒரு சொட்டு ரத்தம் காட்டக் கூடாது. இயக்குநர் அதைப் பெரிதாக எழுதிச் சுவரிலேயே ஒட்டிவைத்திருந்தார். அவரைத் ‘தாடி’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா சின்சியராக ஒரு காரியம் செய்தாள். ஈரத்துணியில் சுற்றிய முட்டைக்கோஸைக் கட்டையால் அடித்து, அதோடு பச்சைக் கேரட்டை முறிக்கிற சத்தத்தையும் சேர்த்து, நிஜமாகவே ஒரு மண்டை உடைகிற மாதிரி கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். தாடி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார்.

“ஐயோ அக்கா, இது வலிக்குதே! எனக்கு வலிக்காத அடியா குடுங்க.”

அன்றைக்குத்தான் டமால் பிறந்தது. பழைய இரும்பு வாணலி, அதற்கு அடியில் காற்று ஊதிய வெந்நீர்ப் பை, மேலே ரப்பர் சுற்றிய கட்டை. இந்த வலிக்காத அடியைப் பத்து வருடம் அடித்து, அதில் கிடைத்த சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைத்தாள். பெற்றவர்கள் போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபத்திரண்டு. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களையெல்லாம், “இவன் ஒருத்தனைக் கட்டி மேய்க்கறதே எனக்குப் பெரும்பாடு” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஆனான். சோடாபுட்டிக் கண்ணாடி, கொடிக்காரன் உடம்பு. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அக்காவின் ஒவ்வொரு டமாலுக்கும் தொடையில் தட்டிச் சிரிப்பான். இருபத்துமூன்று வயதுக் கழுதை.

கார்ட்டூனில் தொப்பிக்காகச் சண்டை. வெளியே நிஜச் சண்டை மூன்றாவது வருடமாக நடந்துகொண்டிருந்தது. அது எதற்காக என்று கேட்டால் தொப்பி அளவுக்குக்கூட ஒரு காரணம் சொல்ல ஆளில்லை. முப்பத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள ஆண்கள் எல்லோரும் படையில் சேர வேண்டும் என்று புதிதாக உத்தரவு வந்தது. ஊரே கொதித்துப்போய் ஊர்வலத்துக்குக் கிளம்பியது. எல்லோர் கையிலும் கொடிக்காரன் படம்.

ஸ்டூடியோ மூன்றாவது மாடியில். ஊர்வலம் சரியாக அந்தத் தெருவில்தான் போகப்போகிறது. அடுத்த வாரக் காட்சிக்குத் தாடிக்குக் கூட்டத்தின் இரைச்சல் தேவைப்பட்டது.

“ஊரே கீழ கத்திக்கிட்டுப் போகுது, நாம எதுக்கு ஆறு பேரை உக்காரவச்சுக் கத்த விடணும்?” என்றாள் அக்கா. ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் மைக்கைக் கட்டி, தெருவைப் பார்க்க இறக்கிவிட்டாள்.

காலையில் இதைக் கேட்ட தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. “அக்கா, நான் மைக்குக்கு நேர் கீழ வந்து நின்னு கத்தறேன். எங் குரலும் டிவியில வரட்டும்!”

“தொண்டை கட்டிக்கப்போகுது, தண்ணி எடுத்துட்டுப் போடா” என்று மட்டும் சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை. அதை நினைத்து நினைத்துப் பிற்பாடு தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

சத்தம் சேர்க்கிற அறைக்குச் சுவரெல்லாம் மெத்தை. வெளியே உலகம் இடிந்து விழுந்தாலும் உள்ளே கேட்காது. மத்தியானம் முழுக்க வாணலியைப் போட்டு அடித்துவிட்டு, ஐந்து மணிக்குத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாட்ச்மேன் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெரு முழுக்கச் செருப்பு. கிழிந்த தட்டிகள். வாசல் படியில் ரத்தம் அள்ளித் தெளித்த மாதிரி கிடந்தது. அதற்கு நடுவில் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி, ஒரு பக்கம் தூளாகி.

ஆஸ்பத்திரியில் தம்பியின் முகம் முகமாக இல்லை. இடது பக்க மண்டை உள்ளே போயிருந்தது. வலது கை விரல்கள் ஐந்தும் ஐந்து திசையில் திரும்பியிருந்தன. தலையை மறைக்கக் கையை வைத்திருக்கிறான். மூன்றாம் நாள் மூச்சு நின்றது. கையில் கொடுத்த காகிதத்தில், ‘ஓடும்போது படியில் தவறி விழுந்து தலையில் அடிபட்டு மரணம்’ என்று இருந்தது.

விழுந்தானாம்! விழுகிற சத்தம் எப்படி இருக்கும், அடிக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்கா பாடம் எடுக்கிறார்கள்?

காரியமெல்லாம் முடிந்தபிறகுதான் ஜன்னல் மைக்கின் ஞாபகம் வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். கோஷம் வந்தது. பிறகு விசில், ஓட்டம், அலறல். பிறகு மைக்குக்கு நேர் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் கேட்பதுபோல, தம்பி குரல்: “கண்ணாடி சார், கண்ணாடி...” முதல் அடி. அது டமால் இல்லை. மொத்தையான, ஈரமான, சின்னச் சத்தம். இரண்டு, மூன்று. நாலாவது அடிக்குப் பிறகு தம்பி சொன்னான், மூச்சு வாங்கிக்கொண்டு, பாவி, சிரிக்கக்கூடச் செய்தான்: “இன்னும் இருக்கேன்.” கார்ட்டூனில் அதைச் சொன்னால் அடி நின்றுவிடும். இங்கே ஒரு குரல், “இன்னுமா இருக்கே?” என்றது. ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது அடியில் அவளுக்குத் தெரிந்த கேரட் சத்தம். பதினொன்றாவதுக்குப் பிறகு தண்ணீர் குமிழ் விடுகிற மாதிரி ஏதோ கேட்டது, பிறகு பூட்ஸ் நடந்துபோனது. அக்கா ஹெட்போனைக் கழற்றாமலே மேஜை மேல் வாந்தி எடுத்தாள்.

‘விழுந்து’ என்பதை அழித்து ‘அடித்து’ என்று எழுதவைக்க வேண்டும். அவன் பெயருக்கு நேரே பொய் இருக்கக் கூடாது. வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. பதிவை எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் போனாள். அதிகாரி பாதி கேட்டுவிட்டுப் பக்கத்து மேஜை எழுத்தரைப் பார்த்துச் சிரித்தார்.

“அம்மா, நீங்கதானே அந்த டமால் அக்கா? எங்க வீட்டுல எல்லாரும் உங்க ரசிகருங்க. இந்த மாதிரி சத்தம் பண்றதுதானே உங்க தொழிலே?”

“சார், அது எந் தம்பி குரல்.”

“‘இன்னும் இருக்கேன்’ உங்க கார்ட்டூன் வசனம்தானே? நாலு வாத்தியம் வச்சு ஸ்டூடியோவுல பண்ணிட்டு வந்து எங்க தலையில கட்டப் பாக்கறீங்களே!”

எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவருக்கு வாராவாரம் பார்த்த பழக்கம். அந்த வசனத்தைக் கேட்டாலே சிரிப்பு வந்துவிடும்.

மறுநாள் அக்கா ஒரு சாக்குப்பையோடு போனாள். வாணலி, வெந்நீர்ப் பை, கட்டை, பதினோரு முட்டைக்கோஸ். அதிகாரியின் மேஜையில் இருந்த ஃபைல்களைக் கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு வாணலியை வைத்து ஒரு போடு போட்டாள். டமால்!

“இதுதான் சார் எந் தொழில். சிரிப்பு வருதுல்ல? வரணும். இப்ப பாருங்க.”

முட்டைக்கோஸை எடுத்து வைத்து அடிக்க ஆரம்பித்தாள். முதல் அடியில் இலை பறந்து அதிகாரியின் சட்டையில் ஒட்டியது. இரண்டாவதில் மைக்கூடு கவிழ்ந்தது. அதற்குமேல் அவள் காட்டுவதற்காக அடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எண்ணிக்கொண்டு, கட்டை பிளந்து சிராய் உள்ளங்கையில் ஏறி ரத்தம் வழிய வழிய அடித்தாள். ஆறாவதில் மேஜைக் கண்ணாடி விரிசல் விட்டது. எழுத்தர் சிரிப்பை எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. பதினொன்று முடிந்ததும் அறை முழுக்கப் பச்சை வாடை.

“இதுல ஒண்ணாவது அந்தச் சத்தம் மாதிரி இருக்கா? என்னால பண்ண முடியாது சார். ஆள் மண்டை வேணும் அதுக்கு.”

அதிகாரி சட்டையிலிருந்த இலையைத் தட்டிவிட்டார். “ரொம்ப அசலா பண்றீங்கம்மா. அதனாலதான் நம்ப முடியல” என்று சொல்லி ஃபைலை மூடினார்.

அடப்பாவி! என்னதான் செய்வாள் அந்தப் பெண்பிள்ளை? பண்ணிக் காட்டினாலும் பொய், பண்ண முடியாது என்றாலும் பொய்.

வியாழக்கிழமை ஸ்டூடியோவுக்குப் போய்த் தாடியைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டாள். நாலாவது அடிக்கு மேல் கேட்க முடியாமல் அவர் கழற்றிவிட்டார். தாடி நனைந்துவிட்டது.

“தாடி, நாளைக்குக் கொடிக்காரன் அடி வாங்கற எடத்துல டமால் வேண்டாம். இது வரட்டும். முழுசா.”

தாடி சுவரில் தான் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். பத்து வருடச் சோறு அந்தக் காகிதத்தில் இருந்தது. “படத்துல ஒரு அடிதான் இருக்கு அக்கா” என்றார் மெதுவாக. “மிச்சப் பத்தையும் நான் உக்காந்து வரையறேன்.”

வெள்ளிக்கிழமை ஏழு மணி. கொடிக்காரன் வந்து நின்றான், தொப்பைப் போலீஸ் ஓடிவந்தார், மாடி வீட்டு வாண்டுகள் டமால் கத்தத் தயாராக வாயைத் திறந்தன. தடி இறங்கியது. அந்தச் சின்ன, ஈரமான சத்தம். நட்சத்திரம் பறக்கவில்லை. நாலாவது அடிக்குப் பிறகு, “இன்னும் இருக்கேன்.” பிறகு “இன்னுமா இருக்கே?” பிறகு மிச்சம் ஏழு. கொடிக்காரன் எழுந்திருக்கவில்லை. மாடி வீட்டில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதைத் தவிர அந்தக் கட்டிடத்தில் சத்தமே இல்லை. அக்கா தம்பியின் இடத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

திங்கட்கிழமை சம்மன் வந்தது. போனாள். அதே அறை, விரிசல் விட்ட அதே மேஜைக் கண்ணாடி. அதிகாரிக்கு முகம் ஜிவுஜிவு என்று இருந்தது. மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

“என்ன தைரியம் உங்களுக்கு? ஆறு மாசம் உள்ள வைக்கறேன் பாருங்க! வாசிய்யா!”

எழுத்தர் குற்றப்பத்திரிகையை வாசித்தார். “...காவலர்கள் பணியில் இருந்தபோது ஊர்வலத்தில் ஒருவர்மீது பலம் பிரயோகித்ததன் அசல் ஒலிப்பதிவை, அனுமதியின்றி ஒளிபரப்பிப் பொது அமைதியைக் குலைத்த குற்றத்துக்காக...”

அக்கா தலையை நிமிர்த்தினாள். “என்ன பதிவு?”

“அசல் ஒலிப்பதிவு” என்றார் எழுத்தர். கோபத்தில் அதிகாரி சொல்லச் சொல்ல இவர் எழுதியது. அதிகாரியே கையெழுத்துப் போட்டு, மேலிடத்துக்கு இரண்டு நகலும் அனுப்பியாகிவிட்டது. அதிகாரியின் தப்புத் தவறை வழக்கமாகத் திருத்திக் கொடுப்பவர் எழுத்தர்தான். இந்தத் தடவை அவர் திருத்தவில்லை. வெள்ளிக்கிழமை அவர் மகள் டிவியை அணைத்துவிட்டு, “அப்பா, அந்த மாமா நெஜமாவே செத்துட்டாரா?” என்று கேட்டிருந்தாள்.

“ஒத்துக்கறேன் சார்” என்றாள் அக்கா. “அசல்தான். நான் பண்ணதில்ல. எங்க கையெழுத்துப் போடணும்?”

அதிகாரிக்கு அப்போதுதான் விளங்கியது. காகிதத்தைப் பிடுங்கக் கை நீட்டினார். அதற்குள் அவள் போட்டுவிட்டாள். கட்டு இன்னும் பிரிக்காத கை. காகித ஓரத்தில் ரத்தம் பட்டது.

ஆறு மாதம் என்று சொன்னார்கள். நாலு மாதம் இருந்தாள். கார்ட்டூனை நிறுத்திவிட்டார்கள், தாடி எங்கோ பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறாராம். அவர்களே அசல் என்று எழுதிக் கொடுத்த பதிவைப் பொய் என்று சொல்ல எந்த நீதிபதிக்கும் வாய் வரவில்லை. மூன்றாவது மாதம் எழுத்தர் லீவு போட்டுவிட்டுச் சிறைக்கு வந்தார். கம்பிக்கு இந்தப் பக்கம், தம்பி பெயருக்குத் திருத்தி எழுதிய காகிதத்தை நீட்டினார்.

‘காவலர்கள் தடியால் பல முறை அடித்ததால் மரணம்.’

அக்கா அதை மூன்று தடவை படித்தாள். தம்பி செத்த நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. கம்பியில் நெற்றியை முட்டி முட்டி அழுதாள். எழுத்தரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“பேனா இருக்கா உங்ககிட்ட?”

கொடுத்தார். ‘பல’ என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டு, அதன் மேலே நிதானமாகப் ‘பதினோரு’ என்று எழுதி, காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.