அடுத்த வெர்ஷனில் வரும்

நாகூர் கனி அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. சிவகாசியில் நாங்கள் வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்தில், தினசரித் தாளின் அடியில் வரும் வீட்டுக்குறிப்புகளை எழுதுகிறவர் அவர்தான். டைப் அடித்துப் பக்கம் கட்டுகிறவள் நான், பொன்னுத்தங்கம். அண்ணன் தினமும் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவார். பக்கத்து சீட்டுக்காரர்களிடம் வாயைக் கிண்டியே பாதிக் குறிப்பு சேர்த்துவிடுவார். அதை வீட்டில் அவர் மனைவி உம்மு சல்மா செய்துபார்ப்பார். சரியாக வந்தால்தான் அது தாளுக்கு வரும்.

2007 காலண்டரில் வம்பு வந்தது. முட்டை ஓட்டைத் தொங்கவிட்டால் பல்லி வராது என்ற குறிப்பு மார்ச்சிலும் வந்தது, ஜூனிலும் வந்தது. கடைப் பெயர் போட்டு ஆயிரம் காலண்டர் வாங்கியிருந்த காரியாபட்டி ஜவுளிக்கடைக்காரர் இரண்டு தாளையும் கொண்டுவந்து முதலாளி மேஜையில் வைத்தார். முதலாளி ஜெயச்சந்திரன் அதிகம் பேசமாட்டார்.

"கனி, அடுத்த வருசத் தாள்ல ஒரே குறிப்பு ரெண்டு தடவ வந்துச்சுன்னா, இந்த வேலைய மதுரையில குடுத்துருவேன்" என்றார்.

"நோட்டுப் போட்டு எழுதுங்கண்ணே" என்றேன். கேட்கிற ஆளா அவர்? பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்த ஒரு குறிப்பெழுதும் மென்பொருளில்தான் எல்லாம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் அதில் அடிப்பேன். தமிழில் தேட மட்டும் முடியாது. "அடுத்த வெர்ஷன்ல வருதாம் தங்கம்" என்பார். வந்த வெர்ஷனில் மஞ்சள் கலர் வந்தது. அதற்கடுத்ததில் சிரிக்கிற பொம்மை வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரோ அந்தக் கம்பெனிக்கு மறுபடியும் மெயில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்.

ஆடிப்பெருக்கு அன்று, கடைக்காரர்கள் பார்த்து ஆர்டர் கொடுக்கிற அடுத்த வருடக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியாக வேண்டும். அதற்கு இருபது நாள் முன்னால், பிரவுசிங் சென்டரிலிருந்து பென் டிரைவை ஆட்டிக்கொண்டே வந்தார். தமிழ்த் தேடல் வந்தேவிட்டது. எல்லோருக்கும் டீ சொன்னார். வீட்டுக்குப் போன் போட்டார். பிறகு பல்லி என்று அடித்துத் தேடினார். ஒன்றும் இல்லை என்று காட்டியது.

"பாத்தியா, ஒரு பல்லிகூட இல்ல. தாளை அச்சுக்கு அனுப்பிரலாம்."

எனக்கு உறுத்தியது. "அண்ணே, ஜனவரி பதினேழுக்குப் பல்லிக் குறிப்புக் குடுத்தீகளே. நாந்தான அடிச்சேன். அது எங்கன போச்சு?"

அவர் டீ ஆறிப்போனது. பக்கம் கட்டத் தோதாக இருக்கட்டும் என்று நான் அத்தனையையும் அடித்தது ஆபீஸின் பழைய எழுத்துருவில். கண்ணுக்கு அது தமிழ். கம்ப்யூட்டருக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். தேடல் எதையுமே தொடவில்லை.

"வேலைக்கு இனிப் பயமில்லன்னு இப்பத்தான் அவகிட்டச் சொன்னேன்" என்றார் கனி அண்ணன், மெதுவாக. என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"வெர்ஷன் கிடக்கட்டும், உக்காருங்க. நான் வாசிக்கேன், நீங்க கேளுங்க."

லீப் வருடம் வேறு. முந்நூற்று அறுபத்தாறு குறிப்புகள். இரண்டு நாள் வாசித்தேன். தொண்டை கட்டிக்கொண்டது. பனங்கற்கண்டு வாங்கிவந்து தந்தார். அதுவும் அக்டோபரில் வருகிற குறிப்புதான். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதிக் குறிப்பை வாசித்தபோது கையைத் தூக்கினார்.

"நிறுத்து. வெங்காயம் வெட்டுறது பிப்ரவரியிலயே வந்துருச்சு."

அந்த ஒன்றுதான். வேலை மதுரைக்குப் போக அது போதும். அதை எடுத்துவிட்டு, காலியான இடத்துக்குப் புதிதாக ஒன்று எழுதி நீட்டினார்: 'எழுதியதை அனுப்புமுன் பக்கத்தில் இருப்பவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.'

"இது வீட்டுக்குறிப்பாண்ணே?"

"செஞ்சு பாத்தாச்சுல்ல, தங்கம். சரியா வந்துச்சே."

மறுவருடம் ஒரு தாள்கூட முதலாளி மேஜைக்குத் திரும்பி வரவில்லை. பழைய எழுத்துருவிலும் தேட வேண்டும் என்று கனி அண்ணன் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறார். அடுத்த வெர்ஷனில் வருகிறதாம். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதித் தாளைக் கிழித்து நான் என் கம்ப்யூட்டர் மேல் ஒட்டியிருக்கிறேன்.