துண்டித்த அழைப்பு

இலங்கையின் டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து மலேசிய ஹோட்டலொன்றில் பயிற்சிக்குப் போயிருந்த லோஜினி, வாரம் முழுக்க அறை அறையாகப் படுக்கை விரித்தாள். ஞாயிறன்று, உடன் பயிற்சி பெறும் ஈப்போ ஊர்க்காரி தர்ஷினியோடு கேமரன் மலைக்குப் போனாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் வீடியோ அழைப்பு வந்தது. தலையில் கூடைக் கயிறும் இடுப்பில் படங்குச் சாக்குமாக, கொழுந்து பறிக்கும் மலையில் நின்று அம்மா சிரித்தாள். லோஜினி சட்டென்று துண்டித்தாள்.

"யாரு?" என்றாள் தர்ஷினி.

"எங்க வீட்டுல வேலை செய்யிறவங்க."

சொன்ன வாய் கசந்தது. சாயங்காலம் அவளே அம்மாவை வீடியோவில் கூப்பிட்டாள்.

"வேலையா இருந்தியா கண்ணு? தெரியாம ஒனக்கு கோல் எடுத்துட்டேன்," என்று அம்மா முந்திக்கொண்டாள். லோஜினியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த தர்ஷினியிடம், "நேத்து கோல் எடுத்தது எங்கம்மா," என்றாள். தர்ஷினி தன் பக்கத்து முனையை மெத்தைக்கடியில் செருகினாள். லோஜினி தலை நிமிராமல் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டேயிருந்தாள்.